சொல்லை நம்பி வந்த நெல்

பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் நகரில் 1726ஆம் ஆண்டு பிறந்த கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழைக் கற்றுத் தமிழிலேயே போதித்தார். திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டுகள் பணியாற்றிய பின் தஞ்சையில் தங்கினார். மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றழைத்தனர்.

1779இல் ஐதர் அலியிடம் அமைதித் தூது செல்லுமாறு சென்னையிலிருந்த ஆங்கிலேய அரசு அவரை வேண்டியது. சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மதிப்புடன் வரவேற்றார். ஆங்கிலேயரை மட்டும் நம்பவில்லை. வழிச்செலவுக்காக ஐதர் அளித்த 300 ரூபாயையும் சுவார்ட்ஸ் தமக்கென வைத்துக்கொள்ளாமல், ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளிக்கு உரியதாக்கினார். தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது.

ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின. பசித்தோர் தஞ்சைக் கோட்டையை நோக்கித் திரண்டனர். விளைச்சல் மலிந்திருந்த காலத்தில் நெல் வாங்கிச் சேமித்திருந்த சுவார்ட்ஸ், அதனைக் கொண்டு அவர்களுக்கு உணவளித்தார். காலையும் மாலையும் சபையார் கூடி அமைதிக்காக வேண்டினர். வேண்டி எழுந்தவர்களே கஞ்சி வார்க்கவும் நின்றனர். வந்தவர் எச்சமயத்தார் என்று எவரும் வினவவில்லை.

கோட்டைக்குள் தானியம் அருகியது. வெளியூர்களில் நெல் இருந்தும், அதனைக் கொணர மாடுகள் கிடைக்கவில்லை. முன்னர் மாடு தந்த குடியானவர்க்குக் கூலி வழங்கப்படவில்லை. மன்னர் துளஜாஜியின் ஆணைக்கும் அவர்கள் இணங்கவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஏமாற்றப்பட்டவன் மீண்டும் தன் மாட்டை அவிழ்த்துத் தருவது எளிதன்று. இறுதியில் அப்பொறுப்பு சுவார்ட்ஸிடம் வந்தது. அவர் ஊர்தோறும் கடிதங்களையும் உபதேசியார்களையும் அனுப்பினார். உரிய கூலியைத் தம் கையாலேயே தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் மாடுகள் சேர்ந்தன; 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. வாக்களித்தவாறே கூலியும் கைக்குக் கை சேர்ந்தது. சுவார்ட்ஸ் தடையின்றிச் செல்லலாம் என்று ஐதரும் தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டிருந்தார்.

போர் 1784இல் முடிந்தது. ஆயினும் அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சி உழவர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். நீதி கிடைக்குமென்று சுவார்ட்ஸ் உறுதி கூறியபின் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். நடவுக்குரிய பருவம் கடந்துகொண்டிருந்தமையால் இரவு பகல் பாராது உழைத்தனர்.

சுவார்ட்ஸ் 1798இல் மறைந்தார். அவர் அரவணைப்பில் வளர்ந்த மன்னர் இரண்டாம் சரபோசி, பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சாகும் தறுவாயிலுள்ள முதியவரின் கையை இளம் மன்னர் பற்றி நிற்கும் அச்சிற்பம், தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே சுவார்ட்ஸ் கட்டிய தேவாலயத்தில் உள்ளது.