பர்ன்ஸ் பாடிய சீன வணிகர்

பொருள் தேடிக் கடல் கடந்தோர் பலர். சென்ற நாட்டின் கவிதையையும் தம் நாவில் ஏற்றி, அந்நாட்டாரின் நெஞ்சில் இடம்பெற்றோர் மிகச் சிலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வாழ்ந்த சீன வணிகர் மெய் குவாங் டார்ட் அச்சிலருள் ஒருவர். கவிதை ஒரு மனிதனுக்கு எத்துணைக் கதவுகளைத் திறக்கும், எக்கதவைத் திறக்க இயலாமல் நிற்கும் என்னும் இரண்டையும் அவர் வாழ்வு ஒருங்கே உணர்த்துகிறது.

அவர் 1850-ஆம் ஆண்டு தென்சீனாவின் குவாங்டுங் மாகாணத்தில், இன்று தைஷான் எனப்படும் வட்டாரத்தில் பிறந்தார். தந்தையார் அழகுப்பொருள் வணிகர். நியூ சவுத் வேல்ஸில் பொன் கிடைக்கிறது என்னும் செய்தி பரவியிருந்த காலம் அது. பிரெய்ட்வுட் பொன்வயல்களுக்குச் சீனத் தொழிலாளரை அழைத்துச் சென்ற உறவினர் ஒருவருடன் 1859-இல் அவர் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது ஒன்பது.

பெல்ஸ் கிரீக் என்னும் சிற்றூரில் தாமஸ் ஃபோர்சைத் என்பவரின் கடையில் சிறுவன் தங்கினான். ஆங்கிலத்தை அங்கே ஸ்காட்லாந்து ஒலிப்புடன் கற்றான். அவ்வொலிப்பு இறுதிவரை அவர் நாவை விட்டு நீங்கவில்லை. பின்னர் ராபர்ட் பெர்சி சிம்ப்சன் குடும்பத்தார் அவனைத் தம் இல்லத்தில் ஏற்றனர். திருமதி ஆலிஸ் சிம்ப்சன் தாயன்போடு கல்வி புகட்டினார். கிறித்தவ சமயத்தையும் அறிமுகப்படுத்தினார். சிம்ப்சனின் ஊக்கத்தால் பொற்சுரங்கப் பங்குகளை வாங்கிய இளைஞர், பதினெட்டு வயதிலேயே செல்வரானார். 1871-இல் அக்குடியேற்ற நாட்டின் குடியுரிமையும் பெற்றார்.

1881-இல் தாயகம் சென்று உற்றாரைக் கண்டு திரும்பியபின் சிட்னியில் தேயிலை வணிகத்தைத் தொடங்கினார். வாங்க வருவோர் சுவைத்துப் பார்ப்பதற்கென அளித்த தேநீரே பின்னர் தேநீரகங்களாக வளர்ந்தது. 1898-இல் விக்டோரியா அரசி அங்காடிக் கட்டடத்தில் அவர் அமைத்த மண்டபம் நகரின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. பெண்கள் துணையின்றி வந்து அமர்வதற்கு ஏற்ற பொதுவிடங்கள் அரிதாயிருந்த அந்நாளில், வாக்குரிமை கோரிய மகளிர் அவருடைய தேநீரகத்தில் கூடி உரையாடினர். 1886-இல் ஆங்கிலேய ஆசிரியை மார்கரெட் ஸ்கார்லெட்டை மணந்தார். ஆண்மக்கள் இருவரும் பெண்மக்கள் நால்வருமாக அவர்தம் இல்லறம் செழித்தது.

அறவிருந்துகளிலும் இசை நிகழ்ச்சிகளிலும் அவர் மேடையேறினார். ஸ்காட்லாந்துப் பாடல்களைப் பாடினார். ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகளை அம்மண்ணுக்குரிய ஒலிப்போடு ஓதினார். சீன முகத்திலிருந்து அக்குரல் எழக் கேட்ட அவையினர் முதலில் வியப்பால் நகைத்திருக்கலாம். ஆயினும் அவரை விரும்பி மீண்டும் மீண்டும் அழைத்தனர். வேற்றினத்தார் என்னும் எண்ணம் பாட்டின் முன் சற்றே விலகி நின்றது. ஆதரவற்றோர் இல்லங்களில் இருந்தோருக்குத் தம் செலவில் அவர் விருந்தளித்தமையும் மக்கள் அன்பை வளர்த்தது.

அவ்வன்பை அவர் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதே அவர் வாழ்வின் சிறப்பு. 1883-இல் சீனர் குடியிருப்புகளை நேரில் ஆராய்ந்து, அபினிப் பழக்கத்தால் தம்மினத்தார் சீரழிவதைக் கண்டார். அபினி இறக்குமதியைத் தடைசெய்யுமாறு அவ்வாண்டிலும் 1887-இலும் அரசுக்கு விண்ணப்பங்கள் அளித்தார். அபினி மீதான சுங்கவரி அரசுக்கு வருவாயாக இருந்தமையால் விண்ணப்பங்கள் பயன் தரவில்லை. சீனரிடையே வழக்குரைப்பவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நின்ற அவர், சீனர் சூதாட்டம் குறித்து 1891-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்திலும் உறுப்பினரானார். சீனப் பேரரசு அவருக்கு மாண்டரின் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

ஆயினும் சட்டம் பாட்டைக் கேட்கவில்லை. 1881-இல் நியூ சவுத் வேல்ஸில் வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவர் மீதும் 10 பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. 1888-இல் அது 100 பவுனாக உயர்ந்தது. சீனர் குடியுரிமை பெறும் வழியும் அடைபட்டது. 1901-இல் புதிய கூட்டாட்சியின் குடிவரவுத் தடைச்சட்டம் கதவை முற்றிலும் சாத்தியது. குவாங் டார்ட்டைத் தம் மேடைகளுக்கு அழைத்து மகிழ்ந்த அதே சமூகம், அவரை ஒத்த மற்றொரு சிறுவன் கப்பலிலிருந்து இறங்குவதை விரும்பவில்லை. ஒருவரை விதிவிலக்காகப் போற்றுவது எளிது. அவர் பிறந்த இனத்தை ஏற்பதே அரிது.

1902 ஆகஸ்டில் தம் அலுவலகத்தில் இருந்தபோது கொள்ளையன் ஒருவனால் தாக்கப்பட்டுப் பெருங்காயமுற்றார். முழுநலம் திரும்பவில்லை. 1903 ஜூலை 26 அன்று ஆஷ்ஃபீல்டு இல்லத்தில் நுரையீரல் உறையழற்சியால் காலமானார். ரூக்வுட் இடுகாட்டில் மாண்டரின் உடையோடு அடக்கம் செய்யப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் சீனரும் ஐரோப்பியரும் ஒன்றாக நடந்தனர். புகைப்பதற்கான அபினியின் இறக்குமதியை ஆஸ்திரேலிய அரசு 1905 இறுதியில் தடைசெய்தது. அதற்காக வாதாடியவர் அதைக் காண இல்லை. 1911-இல் மார்கரெட் கணவரின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

பிறந்த மொழியையும் புகுந்த மொழியையும் ஒருசேரப் போற்றி வாழ்ந்தவர் குவாங் டார்ட். பாட்டு அவருக்குச் சட்டத்தின் கதவைத் திறந்து தரவில்லை. கேட்டோரின் செவியைத் திறந்து தந்தது. அச்செவிகளில் அவர் தம் புகழைப் பேசாமல், தம்மினத்தாரின் துயரைப் பேசினார். கவிதையைப் போற்றுவோர் அவரை நினைவில் கொள்ள இது ஒன்றே போதும்.