எதிராளியைத் தேடிக் கடல் கடந்த பயில்வான்: ‘தி கிரேட் காமா’வின் வாழ்க்கை

உலகின் எந்த மல்லரையும் எதிர்கொள்ளத் தயார் என்ற அறிவிப்புடன் 1910-ம் ஆண்டு லண்டன் சென்ற இந்தியப் பயில்வான் காமாவுக்கு, போட்டியில் வெல்வதை விட எதிராளியைக் கண்டறிவதே கடினமாக இருந்தது.

குலாம் முகமது பக்‌ஷ் என்ற இயற்பெயர் கொண்ட காமா, 1878-ம் ஆண்டு மே 22-ம் தேதி மல்யுத்தக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் ஜோத்பூரில் நடைபெற்ற உடற்பயிற்சிப் போட்டியில் நூற்றுக்கணக்கான பயில்வான்களுக்கு இடையே கவனம் பெற்றார். பின்னர் தாதியா மன்னரின் ஆதரவில் பயிற்சி பெற்றார்.

வங்காளச் செல்வந்தர் ஒருவரின் பொருளுதவியுடன் லண்டன் சென்ற அவருக்கு, உயரம் குறைவு என்ற காரணத்தால் தொடக்கத்தில் போட்டியில் இடம் மறுக்கப்பட்டது. இதையடுத்து, எந்த எடைப்பிரிவைச் சேர்ந்த மூவரையும் 30 நிமிடங்களில் வீழ்த்துவதாகக் காமா சவால் விடுத்தார். முன்னணி மல்லர்கள் பலர் முன்வரவில்லை.

அவர்களது தயக்கத்துக்குத் தொழில்ரீதியான காரணம் இருந்தது. பெயர் அறியப்படாத ஒருவரை வென்றால் வருமானமோ புகழோ பெரிதாகக் கூடாது. தோற்றாலோ, பட்டமும் அதைச் சார்ந்த எதிர்கால வருவாயும் பறிபோகும். குத்துச்சண்டையிலும் இதே கணக்குதான் நிலவியது. பட்டம் வைத்திருந்த டாமி பர்ன்ஸ், 30 ஆயிரம் டாலர் உறுதியான பிறகே, 1908-ல் ஜாக் ஜான்சனுடன் சிட்னியில் மோத இசைந்தார். அப்போட்டியில் பட்டத்தையும் இழந்தார்.

இறுதியில் அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் சவாலை ஏற்றுக் காமாவிடம் தோல்வியுற்றார். தொடர்ந்து செப்டம்பர் 10-ம் தேதி போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவைக் காமா சந்தித்தார். பரிசுத்தொகை 250 பவுண்டு. தொடங்கிய சில நொடிகளில் கீழே தள்ளப்பட்ட ஸ்பிஸ்கோ, எழுந்து தாக்கினால் வீழ்வோம் என்பதை உணர்ந்தவராக, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு ஒட்டிக் கிடந்து தோல்வியைத் தவிர்த்தார். ஒரு வாரத்துக்குப் பின் நடைபெறவிருந்த மறுபோட்டிக்கு அவர் வரவில்லை. காமா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

நாடு திரும்பிய காமா, அலகாபாத்தில் நடைபெற்ற போட்டியில், தம்மை விட மிக உயரமான ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலாவை வென்றார். ஸ்பிஸ்கோவுடனான பழைய கணக்கு 18 ஆண்டுகளுக்குப் பின்னரே தீர்ந்தது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினர். இருவரும் ஐம்பது வயதை நெருங்கியிருந்த நிலையில், ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவைக் காமா வீழ்த்தினார்.

தோல்வியறியாதவர் எனப் போற்றப்பட்ட காமாவின் இறுதிக் காலம் வறுமையில் கழிந்தது. இந்திய மன்னர்களின் ஆதரவையே நம்பியிருந்த தொழில், பிரிவினையுடன் அந்த ஆதரவை இழந்தது. லாகூரிலேயே தங்கிவிட்ட அவர், 1947 கலவரத்தின்போது அண்டை வீட்டு இந்துக்களைக் காத்து நின்றதாகக் கூறப்படுகிறது. நோயுற்றிருந்த காலத்தில் இந்தியத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா அவருக்கு நிதியுதவி அளித்தார்.

காமா 1960-ம் ஆண்டு மே 23-ம் தேதி, 82-வது பிறந்தநாளுக்கு மறுநாள், லாகூரில் காலமானார்.