தெரு வகுத்த ஸ்கின்னர்

ஆங்கிலத் துரைமாருள் யாழ்ப்பாணத்தார் மறவாதவர் ஏசண்டர் டைக். வடக்கின் இராசா எனப் பெயர் பெற்ற அவர், 1867ஆம் ஆண்டிற் கோப்பாயிற் காலமானார். அதே ஆண்டில் உத்தியோகம் விட்டு இலங்கையினின்று நீங்கிய மற்றொருவரை நம்மவர் அவ்வளவாக அறியார். அவர் மேஜர் தாமசு ஸ்கின்னர்.

1804இல் நியூபவுண்லாந்திற் பிறந்த ஸ்கின்னர், பள்ளிப் படிப்பு நிரம்பாமுன்னரே திருகோணமலையிற் படைத்தலைவராயிருந்த தந்தையாரிடம் அனுப்பப்பட்டார். பதினைந்தாம் வயதிலே இலங்கைத் துப்பாக்கிப் படையில் உத்தியோகத்தரானார். நம் மாணவர் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பருவம் அது! 1820இலே, தேசாதிபதி பார்ன்சு கொழும்பு - கண்டித் தெருவின் ஒரு பகுதியை அப்பிள்ளையிடம் ஒப்புவித்தார். ஏறத்தாழ இருநூறு பேர் அவர் ஏவலில் நின்றனர். தெரு வகுக்கும் கலையை அவருக்குக் கற்பித்தார் எவருமிலர். பின்னாளிற் கோணமானிக் கருவியைக் கையாளவும் அவர் தாமே பழகிக்கொண்டார். மலைநாட்டுச் சிகரந்தோறும் ஏறி, நிலவரை படத்துக்கு வேண்டிய அளவைகளை எடுத்தார்.

பள்ளியில்லாமலே பெரியராயினார் என்று இதனைக் காட்டி என்னிடம் வாதாடும் மாணவர் உளர். பள்ளி இழந்த குறையை வாழ்நாளெல்லாம் உழைத்து ஈடுசெய்தவர் அவர் என்பதே யான் அவர்க்குக் கூறும் விடை.

அத்தெருவின் புகழில் ஒரு மறுவும் உண்டு. 1832இல் ஒழிக்கப்படும் வரை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாலே குடிகள் கூலியின்றிக் கல்லுடைத்தனர், மண் சுமந்தனர். தென்னிந்தியாவினின்று சேர்க்கப்பட்ட பயோனியர் படையினரும் காட்டுக் காய்ச்சலில் நலிந்தனர். தலைமை பூண்டு நடத்திய காப்டன் டாசனுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரம் நிற்கின்றது. மண் சுமந்தவர் பெயர் ஒன்றேனும் அங்கில்லை.

வடமாகாணம் வகுக்கப்பட்ட 1833இல் அநுராதபுரத்துக்கு வழி காண ஸ்கின்னர் சென்றார். அந்நகரும் அக்காலத்தில் வடமாகாணத்துள் அடங்கியதே. பாழடைந்த தாதுகோபங்களை மூடிக் காடு மண்டியிருந்தது. 1841இலே தெருக்களுக்குக் கமிஷனராயினார். அவர் சேவையிற் புகுந்தபோது வண்டி செல்லத்தக்க தெரு இந்நாட்டில் அரிது. விலகியபோது ஏறக்குறைய 3,000 மைல் தெரு இருந்தது.

ஆயினும் என் உள்ளத்தை ஈர்ப்பது அவர் 1849இல் எழுதிய விண்ணப்பமே. சாராயக் குத்தகையால் வருவாய் தேடும் அரசு குடிகளைக் குடிக்குப் பழக்குகின்றது என்றும், ஊர்த்தலைவரை மதியாது தாழ்த்துகின்றது என்றும், அரசின் சம்பளம் பெற்றுக்கொண்டே அவர் எடுத்துரைத்தார். தாம் வகுத்த தெரு வழியே கோப்பித் தோட்டமும் சாராயக் கடையும் ஏறிச் செல்வதைக் கண்ணாரக் கண்டவர் அல்லரோ! அரசு அவ்வருவாயைக் கைவிடவில்லை. அவரும் உத்தியோகத்தைத் துறக்கவில்லை. தெரு மேலும் நீண்டது.

1877இல் ஸ்கின்னர் இங்கிலாந்திற் காலஞ்சென்றார். தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்திருந்தார். 1891இல் அதனை வெளியிட்டவர் அவர் மகளார். அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் வடமொழி அகராதி செய்த மொனியர் வில்லியம்சு. அவ்வகராதியை நாள்தோறும் புரட்டும் நம் மாணவர்க்கு இச்செய்தி புதிதாயிருக்கும்.