வடலூர் தந்த வள்ளல் பெருமானார்

தைப்பூசத் திருநாள் வந்தால் இந்நாட்டு மெய்யன்பர்களின் உள்ளம் பத்துமலையை நாடும். அதே நன்னாளில் தமிழகத்து வடலூரில், ஏழு திரைகள் ஒவ்வொன்றாய் விலக, அருட்பெருஞ்ஜோதி தரிசனம் நடைபெறுகின்றது. அவ்வழிபாட்டை 1872 தைப்பூசத்தன்று தொடங்கி வைத்தவர் இராமலிங்க அடிகளார்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக 5.10.1823-இல் அவதரித்தார். கைக்குழந்தையாய் இருக்கையிலேயே தந்தையார் மறைந்தார். குடும்பம் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறியது. புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கிய தமையனார் சபாபதி, தம்பி கற்றுத் தேற வேண்டுமென்று ஆசிரியரிடம் அனுப்பினார். தம்பியோ கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே பள்ளியென்று இருந்துவிட்டார். சினங்கொண்ட தமையனார் வீட்டில் சோறிடலாகாது என்றார். அண்ணியார் மறைவாக அன்னமிட்டுக் காத்தார் என்பர். பசியின் கொடுமையைப் பெருமானார் ஏட்டில் படித்து அறியவில்லை!

1858-இல் சென்னையை நீங்கிக் கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 23.5.1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி சமயம் வினவாது எவர்க்கும் உணவு. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. பசித்த உயிருக்கு இரங்குவதே இறைவனருளைப் பெறும் திறவுகோல் என்பது அவர் கொள்கை. பசி எல்லார்க்கும் பொது. ஆதலால் அதனைத் தீர்ப்பதே எல்லார்க்கும் பொதுவான வழிபாடு என்று கண்டார்.

அவருடைய பாடல்கள் அருட்பா என்று அச்சேறியபோது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்தெழுந்தார். 1869-இல் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவருமே தமிழுக்கு உழைத்த பெரியோர். அக்கசப்பை இன்று கிளறுதல் வேண்டா.

ஆலயத் தொண்டர்கள் எளிதில் கடந்து போகவொண்ணாத செய்தி வேறொன்று உண்டு. ஞானசபையில் அவர் திருவுருவம் எதனையும் நிறுவவில்லை, ஜோதியையே வைத்தார். கந்தகோட்டத்தில் உருகி நின்றவர், 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி ஆற்றிய பேருபதேசத்தில், சைவத்தில் தமக்கு முன்பிருந்த பற்றையும் விட்டொழித்ததாக வெளிப்படையாய் அறிவித்தார். சமய ஆசாரங்கள் உண்மையை மறைக்கும் திரைகள் என்றார். சபையிலுள்ள ஏழு திரைகளும் ஆன்மாவை மறைக்கும் மாயத் திரைகளையே குறிப்பன. ஊர்தோறும் கோயில் எழுப்பி உற்சவம் நடத்துவோர்க்கு இது சற்றே கடினமான சொல்தான். ஆயினும் திருவிழாக்களில் அன்னதானம் முதலிடம் பெறும் இடமெல்லாம் பெருமானாரின் நெறி நிற்கின்றது.

30.1.1874 இரவு, சித்திவளாகத் திருமாளிகையின் அறையினுள் புகுந்து, கதவைத் திறக்க வேண்டாமென அன்பர்க்குப் பணித்துத் தாழிட்டுக் கொண்டார். பின்னர் அரசு அதிகாரிகள் திறந்து பார்க்கையில் உள்ளே எவருமில்லை என்று அன்பர்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். தைப்பூசம் கழிந்த இரண்டாம் நாள் அடியார் கூட்டம் வடலூரிலிருந்து மேட்டுக்குப்பம் சென்று அத்திருவறையைத் தரிசித்துத் திரும்புகின்றது.