தாத்தாவின் துப்பாக்கியில் தொடங்கிய கதை... யார் இந்த சாமுவேல் கோல்ட்?

தாத்தா விட்டுச்சென்ற பொருட்களில் கடிகாரம் இருக்கும், பேனா இருக்கும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1814-ல் பிறந்த சாமுவேல் கோல்ட்டுக்குக் கிடைத்ததோ ஒரு பழைய கைத்துப்பாக்கி! அம்மா வழித் தாத்தா கால்டுவெல், அமெரிக்க விடுதலைப் போரில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய துப்பாக்கிதான் பேரனிடம் வந்தது என்கிறார்கள்.

ஒரு குண்டுதான் பிரச்சனை!

அந்தக் காலத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டால் மறுபடியும் மருந்து, குண்டு எல்லாம் போட்டு இடிக்கணும். அதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். இதற்குத் தீர்வு தேடிய கோல்ட், 1830-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலின் சக்கரம் சுழன்று, சரியான இடத்தில் பூட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் ஐடியா வந்ததாம். அங்கேயே மரத்தில் ஒரு மாதிரி செதுக்கினார்.

எப்படி வேலை செய்யும்?

சிம்பிள்தான். பின்னால் உள்ள சுத்தியலை இழுத்தால் குண்டுகள் இருக்கும் உருளை சுழலும். அடுத்த அறை குழாய்க்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும். சுழலும் துப்பாக்கிகள் அதற்கு முன்பும் உண்டு. அதை நம்பி வாங்கும்படி மாற்றியவர் கோல்ட். 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. செலவுக்குப் பணம்? ஊர் ஊராகப் போய் 'சிரிப்பு வாயு' காட்சி நடத்திச் சம்பாதித்தார்!

விழுந்து எழுந்தவர்

பேட்டர்சன் நகரில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842-ல் மூடப்பட்டது. ராணுவம் போதுமான அளவு வாங்கவில்லை. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், மெக்சிகோ போர் வந்தது. சாமுவேல் வாக்கர் என்ற கேப்டன் யோசனை சொல்ல, ஆறு குண்டு ரிவால்வர் உருவானது. 1,000 துப்பாக்கிகளுக்கு அரசு ஆர்டர் கொடுத்தது.

1847-ல் வந்த அந்த 'வாக்கர்' மாடலின் எடை சுமார் 2 கிலோ. மொத்தமே சுமார் 1,100 தான் செய்யப்பட்டன. அதனால்தான் பழைய ஆயுதங்கள் சேகரிப்பவர்களுக்கு அதன் மீது இன்றும் அவ்வளவு மோகம்.

அடுத்த வாரிசு யார்?

1862-ல், 47 வயதில் கோல்ட் இறந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தொழிற்சாலையின் கட்டுப்பாடு மனைவி எலிசபெத் கைக்கு வந்தது. 1864-ல் தீ விபத்து, பெரும் பகுதி சாம்பல். அவர் அசரவில்லை, மீண்டும் கட்ட வைத்தார். உலகப் புகழ்பெற்ற 'பீஸ்மேக்கர்' ரிவால்வர் 1873-ல் வந்தது. அதைக் கோல்ட் பார்க்கவே இல்லை.

பிறந்த குழந்தைகளில் ஒரே மகன்தான் வளர்ந்து ஆளானான். கொள்ளுத்தாத்தாவின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள்: கால்டுவெல். அவனும் 1894-ல் இறந்துபோக, அடுத்து வாங்கிக்கொள்ள ஆளில்லை. 1901-ல் நிறுவனத்தை விற்றார் எலிசபெத்.

கணவர், பிள்ளைகள் நினைவாக ஹார்ட்ஃபோர்டில் அவர் கட்டிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதன் ஒரு வாசலில் உள்ள கல் சிற்பங்களை உற்றுப் பார்த்தால் தெரியும்... அவற்றில் ரிவால்வரின் பாகங்களும் இருக்கின்றன!