பண்டிதர் அயோத்திதாசரும் வாரக் கூட்டமும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்க்கை வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம். அன்னார் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் அவர் வரலாற்றை இம்மலருக்கென நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வாரந்தோறும் கூட்டம் கூட்டிச் சொற்பொழிவு நிகழ்த்துவதாலும், பத்துப் பேர் அமர்ந்து ஒரு நூலைப் படிப்பதாலும் என்ன பயன் விளையும் என்று நம் இளைஞருள் சிலர் கேட்கின்றனர். கேட்பது தவறன்று. வேலை வேண்டும், வீடு வேண்டும், நீதி வேண்டும் என்று நிற்போர்க்குப் பேச்சுச் சோறிடுமா என்பது நேர்மையான வினாவே. அவ்வினாவிற்கு நாம் விடை கூறுவதினும் ஒரு பெரியாரின் வாழ்வே விடை கூறுவது நன்று.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அவர்தம் பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேயத் துரை ஒருவரிடம் பட்லராகப் பணியாற்றியவர். பணி அதுவாயினும் அவர் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறள் சுவடியொன்று அப்பாட்டனார் கையிலிருந்து துரையின் வழியாக எல்லிஸ் என்னும் தமிழ்ப்பற்றுடைய அதிகாரியிடம் சென்று சேர்ந்தது என்னும் குடும்பச் செய்தியைப் பண்டிதர் பிற்காலத்தில் தம் இதழில் எழுதிவைத்தார். கல்வி நமக்குப் புதிதாக வந்த பிச்சையன்று, நம் வீட்டிலிருந்து பறிபோன உடைமை என்னும் எண்ணம் அவருள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியமைக்கு இச்செய்தி ஒரு காரணமாகும்.

காத்தவராயனுக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசானின் பெயர் அயோத்திதாசர். தம் ஆசானிடம் கொண்ட பெருமதிப்பால் மாணவர் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். இன்று நாம் போற்றும் பெயர், உண்மையில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் செலுத்திய நன்றியே ஆகும். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகிய மொழிகளையும் பயின்று, மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டு அவர் வாழ்ந்தார்.

குடும்பம் நீலகிரியில் குடியேறியிருந்தது. அங்கே 1870ஆம் ஆண்டுகளில் பண்டிதர் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் வேதாந்தம் சாதியை ஒழித்துவிடும் என்று அந்நாளில் அவர் நம்பினார். நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. தத்துவத்தில் ஒன்றென்றவர்கள் தெருவில் இரண்டென்றே நடந்துகொண்டனர். தாம் சென்ற வழி தவறென்று கண்டபோது அதனை விட்டு விலகும் துணிவு அவரிடம் இருந்தது.

1885ஆம் ஆண்டில் அருட்திரு ஜான் இரத்தினத்துடன் இணைந்து 'திராவிட பாண்டியன்' என்னும் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் நீலகிரியில் அச்சபையின் மாநாடு கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டும், கற்றவர்க்கு அரசுப் பணி வேண்டும், பொதுக் கிணறுகளில் நீரெடுக்கும் உரிமை வேண்டும், சிறைச்சாலைகளில் நம் மக்களை மட்டும் இழிதொழில் செய்யுமாறு கட்டாயப்படுத்தும் விதி நீங்க வேண்டும் என்பன அவற்றுட் சில. இக்கோரிக்கைகளைப் படிப்போர் ஒன்றைக் காண்பர். அன்று நம்மவர் பிறர் இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை. உரிமையை வரிசைப்படுத்தி எழுத்தில் வைத்தனர்.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபையின் கூட்டம் விக்டோரியா மண்டபத்தில் நடைபெற்றது. நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் அங்குச் சென்றார். கற்றறிந்த செல்வர் நிறைந்த அவையில் எழுந்து, சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் எம் மக்கள் நுழைதற்குத் தடை ஏன் என்று வினவினார். அவையில் இருந்தோர் கொதித்தெழுந்தனர். உங்கட்கெனக் காட்டேரியும் மதுரை வீரனும் இருக்க, எங்கள் தெய்வங்கள் எதற்கு என்ற பொருள்பட ஒருவர் விடையிறுத்தார். அவ்வாறாயின் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று கூறிய பண்டிதர், அத்தோடு அமர்ந்துவிடவில்லை. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், வெறுமனே கிடக்கும் நிலங்களில் எம் மக்களுக்குப் பங்கும் வேண்டுமென்று அந்த இடத்திலேயே கேட்டார். அக்கோரிக்கையை அவை ஏற்றுக்கொண்டது. அவமதிப்பிற்கு வசையால் விடையிறுக்காமல் கோரிக்கையால் விடையிறுத்த அந்த நிதானத்தை நம் இளைஞர் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

அக்காலத்தில் நம்மவர் குழந்தைகளுக்குப் பள்ளி வாயில்கள் பெரும்பாலும் அடைத்தே கிடந்தன. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் நம் குழந்தைகளுக்கென 1894இல் அடையாற்றின் அருகே ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் மேலும் சில பள்ளிகள் சென்னையில் எழுந்தன. இத்தொண்டு நிகழ்ந்த ஆண்டுகளிற்றான் பண்டிதர்க்கும் ஆல்காட்டிற்கும் நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. நம் முன்னோர் பௌத்தராய் வாழ்ந்தவர். அவர்தம் சமயம் வீழ்த்தப்பட்டபோதே அவர்கள் தாழ்த்தப்பட்டனர் என்பது பண்டிதரின் உறுதியான கொள்கை. 1898இல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாநாயக்கரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். திரும்பி வந்ததும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

நாம் சொல்ல வந்த செய்தி இங்குதான் தொடங்குகின்றது. அச்சங்கத்திற்கு மாளிகை இல்லை. பெருஞ்செல்வரின் அறக்கட்டளையும் இல்லை. இருந்தது வாரக் கூட்டம். குறித்த நாளில் மக்கள் கூடுவர். பஞ்சசீலம் ஓதுவர். ஒருவர் அறநூற் பகுதியொன்றை விளக்குவார், ஒருவர் சொற்பொழிவாற்றுவார். கேட்போர் ஐயங்களை எழுப்புவர். திருமணமும் நீத்தார் கடனும் புரோகிதரின்றிச் சங்கத்தின் முறைப்படி நிகழ்ந்தன. வைகாசிப் பௌர்ணமி விழாவாகக் கொண்டாடப்பட்டது. கல்லூரிப் பேராசிரியராய் விளங்கிய பி. இலட்சுமி நரசு போன்ற அறிஞரும் அப்பணிக்குத் துணைநின்றனர். பகலெல்லாம் உழைத்துக் களைத்த மனிதர், தம்மை மனிதராக மதித்துப் பேசும் ஓர் அவையில் மாலையில் அமர்ந்திருந்தனர் என்பதே அந்நாளில் ஒரு புரட்சி.

இராயப்பேட்டையில் ஏற்றிய விளக்கு கோலார் தங்கவயலுக்குச் சென்றது. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று, நிலத்தின் அடியில் உயிரைப் பணயம் வைத்துத் தங்கம் எடுத்த நம் தொழிலாளர், மாரிக்குப்பத்தில் சங்கக் கிளையை அமைத்தனர். பெங்களூர், ஐதராபாத், இரங்கூன், தென்னாப்பிரிக்கா என நம்மவர் பிழைப்பிற்காகச் சென்ற ஊர்களிலெல்லாம் சங்கமும் உடன் சென்றது. சுரங்கத் தொழிலாளரின் சிறு நன்கொடையும் உடலுழைப்புமே அக்கிளைகளைத் தாங்கின.

சிதறிக்கிடந்த இக்கூட்டங்களை ஒன்றாகக் கட்டிய கயிறு ஓர் இதழ். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கங்கள் கொண்ட வார ஏடு. விலை அதன் பெயரிலேயே இருந்தது. ஓராண்டிற்குப் பின் 'தமிழன்' எனப் பெயர் சுருங்கியது. அரசியல், சமயம், வரலாறு, மருத்துவம், வேளாண்மை, பெண் கல்வி என அதில் இடம்பெறாத பொருளில்லை. வாசகர் ஐயங்களை எழுதி அனுப்புவர். பண்டிதர் இதழிலேயே தெளிவு கூறுவார். கிளைச் சங்கங்களின் கூட்டச் செய்திகள் அச்சேறும். கூட்டத்தில் பேசியது இதழில் வரும். இதழில் வந்தது அடுத்த கூட்டத்திற்குப் பேச்சாகும். புத்தரது வரலாற்றையும் அறத்தையும் கூறும் 'ஆதிவேதம்', 'இந்திரர் தேச சரித்திரம்' முதலிய அவர் நூல்கள் இவ்வாறு வாரவாரம் மக்களோடு உரையாடி வளர்ந்தவையே. திருக்குறளுக்கு அவர் எழுதிவந்த உரை அவர் மறைவால் முற்றுப்பெறாது நின்றது.

பண்டிதர் வாழ்வில் கருத்து மாறுபாடுகளும் இருந்தன. அவற்றை மறைத்து எழுதுதல் நம் சங்கத்தின் மரபன்று. இரட்டைமலை சீனிவாசன் அவருக்கு மைத்துனர் முறையினர். சீனிவாசனார் 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து ஏற்பதே இழிவைத் துடைக்கும் வழி என்பது அவர் எண்ணம். பகைவர் இட்ட பெயரை நாமே சூடலாகாது. சாதிபேதமற்ற தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்றே நம்மை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது பண்டிதர் எண்ணம். மக்கட்தொகைக் கணக்கெடுப்பிலும் அவ்வாறே பதிய வேண்டுமென அவர் வாதாடினார். இருவரும் ஒரே விடுதலையை நாடி இரு வழிகளிற் சென்றனர். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தும் வழக்கம் நம்மிடையே வேண்டா.

வேறொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். அருந்ததியர் முதலான வேறு சில ஒடுக்கப்பட்ட மக்களோடு தம் மக்களை ஒரே பட்டியலில் வைப்பதைப் பண்டிதர் ஏற்கவில்லை. தம்மவர் பௌத்தராயிருந்து வீழ்த்தப்பட்டவர், ஏனையோர் நிலை வேறு என்று அவர் எழுதினார். சாதியை வேரோடு சாய்க்க வந்த பேரறிஞரிடமும் அக்காலத்தின் நிழல் படிந்திருந்தது என்றே இதனைக் கொள்ள வேண்டும். அவர் தமிழ்ச் சொற்களுக்கும் பண்டிகைகளுக்கும் கூறிய விளக்கங்கள் அனைத்தையும் ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்வதுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே, ஆராய்ந்து கொள் என்பதே பௌத்தம் அவருக்குக் கற்பித்த நெறி. அந்நெறியை அவர் எழுத்தின்மீதும் செலுத்துவதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதையாகும். நம் கூட்டத்தில் பாய் விரிக்கும்போது எல்லா ஒடுக்கப்பட்டோர்க்கும் ஒரே பாயாக விரிப்போமாயின், அவர் தொடங்கிய பணியில் அவர் விட்ட குறையை நாம் நிறைவு செய்தவராவோம்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் மகனார் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. கேட்பாரற்றுப் போயிருக்க வேண்டிய அக்குரலைக் காத்தவர் யார்? பல்கலைக்கழகங்கள் அல்ல. கோலார் தங்கவயலின் வாரக் கூட்டங்களே காத்தன. அங்கு ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' இதழுக்கு மீண்டும் உயிரளித்தார். பண்டிதரின் நூல்கள் தங்கவயலில் மறுபதிப்புப் பெற்றன. தொழிலாளர் வீட்டுப் பெட்டிகளில் பழைய இதழ்கள் பல தலைமுறைகளாகப் போற்றப்பட்டன. அவ்வாறு எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்தே ஞான. அலாய்சியஸ் 1999இல் பண்டிதரின் சிந்தனைகளைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலுக்கு 1948இல் முன்னுரை அளித்து மறுபடியும் வெளிவரச் செய்தவர் அண்ணல் அம்பேத்கர். எட்டாண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள், அண்ணல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது, இராயப்பேட்டைச் சிறு சங்கம் நடந்த பாதை இந்தியாவின் பெருவழியாக விரிந்தது.

2005இல் பண்டிதருக்கு அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. 2023 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. மகிழ்கின்றோம். ஆனால் மண்டபத்தைப் பிறர் கட்டித் தரலாம்; கூட்டத்தை நாமே கூட்ட வேண்டும்.

இளைஞர்களே! கூட்டத்தால் பயன் என்ன என்று கேட்டீர்கள். நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி வேண்டுமென்று கேட்பதற்கே ஒரு மனிதர் பகைமை நிறைந்த அவையில் தனித்து எழ வேண்டியிருந்தது. இன்று நம் பெண்களும் பிள்ளைகளும் பட்டம் பெற்று வருகின்றனர். இடையில் நிகழ்ந்தது யாது? பேர் தெரியாத பல்லாயிரம் மனிதர், விளக்கொளியில் அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர். கேட்டவர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். பேச்சு நேரே சோறிடவில்லை. சோற்றைக் கேட்டுப் பெறும் வாயைத் திறந்துவிட்டது.

ஆகவே, வெள்ளி விழாவை மலரோடும் மாலையோடும் முடித்துக்கொள்ளாமல், அடுத்த வாரக் கூட்டத்திற்கு வந்து அமருங்கள். வரும்போது எழுத்தறியாத முதியவர் ஒருவரையும், பள்ளி செல்லும் சிறுமி ஒருத்தியையும் உடன் அழைத்து வாருங்கள். பேசுவோர் கூறுவதைக் கேளுங்கள். ஐயம் எழுந்தால் எழுந்து நின்று வினவுங்கள். பண்டிதர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.