ஏழையர்க்கு ஆட்பட்ட வின்சென்ட் அடிகளார்

அருளாளர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், தொட்டிலில் கிடந்த நாள்தொட்டே அவரை அருளாளராகக் காட்டுதல் வழக்கம். நாம் இங்கு எழுதப் புகுந்த வின்சென்ட் தே பவுல் அடிகளார்க்கு அவ்வழக்கம் சற்றும் பொருந்தாது. ஏழைகளின் காவலர் என்று உலகம் போற்றும் இவர், முப்பது வயது வரையில் ஏழ்மையினின்று தப்பிச் செல்லவே முயன்றவர்.

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கே டாக்ஸ் என்னும் நகருக்கு அணித்தாகப் பூய் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1581-ஆம் ஆண்டில் ஓர் உழவர் குடியில் வின்சென்ட் பிறந்தார். அவ்வூர் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. மக்கள் அறுவருள் அவர் மூன்றாமவர். ஆடும் பன்றியும் மேய்த்து வளர்ந்த அவருடைய அறிவுக் கூர்மையைத் தந்தையார் கண்டுகொண்டார். மகன் குருவானால் குடும்பம் தலையெடுக்கும் என்று எண்ணி, டாக்ஸ் நகருக்குப் படிக்க அனுப்பினார். பின்னர் மேற்படிப்பின் பொருட்டு ஒரு சோடி எருதுகளையும் விற்றார் என்பர். உழவன் எருதை விற்பது எத்தகைய செயல் என்பதை நம்முள் பலர் அறிவர்.

அத்தந்தையார் ஒருநாள் மகனைக் காணப் பள்ளிக்கு வந்தார். அவர் கால் சற்றே ஊனமுற்றவர். உடையோ பட்டிக்காட்டு உடை. உடன் பயிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நடுவே அவரைத் தந்தை என்று காட்ட மகன் நாணினான். வெளியே வந்து பேசவும் மறுத்துவிட்டான். இதனைப் பிறர் எவரும் கண்டு எழுதி வைக்கவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், தம்மைச் சூழ்ந்திருந்த தொண்டர் முன்னிலையில் அடிகளார் தாமே எடுத்துரைத்து வருந்தியதால் நாம் அறிகின்றோம். ஊரை விட்டு நகரில் குடியேறிய நம்மனோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மூட்டையும் கையுமாக இரயிலடியில் வந்து இறங்கும் முதியவரை, அலுவலக நண்பர் எதிர்ப்படுகையில் இன்னார் என்று சொல்லத் தயங்குவோர் எந்நாட்டிலும் உளர். அந்தத் தந்தையார் 1598-இல் மறைந்தார். மகன் குருவானதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1600-ஆம் ஆண்டில் வின்சென்ட் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதே. திருச்சபை வகுத்திருந்த வயதோ இருபத்து நான்கு. அக்காலத்தில் குருத்துவம் அவருக்குப் பிழைக்கும் வழியாகவே தோன்றிற்று என்பதை மறைப்பதற்கில்லை. துலூஸ் நகரில் இறையியல் பயின்று 1604-இல் பட்டம் பெற்றார். கடற்கொள்ளையரிடம் சிக்கித் தூனிசு நகரில் அடிமையாய் விற்கப்பட்டுத் தப்பி வந்ததாக அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. சிறுவர் நூல்களில் அது சுவையான கதை. ஆயினும் அறிஞர் பலர் அதனை ஐயுறுகின்றனர். முதுமையில் அக்கடிதத்தை அழித்துவிட அவரே பெரிதும் முயன்றார். ஆதலின் நாமும் அதனை விரித்திலம்.

1608-இல் பாரிசு வந்தார். மார்கரெட் அரசியாரின் அறப்பணியாளர் குழுவில் இடம் பெற்றார். 1610-இல் தம் அன்னைக்கு எழுதிய கடிதத்தில், நல்ல வருவாய் வாய்த்ததும் ஊர் திரும்பி அவர் அருகில் அமைதியாய் வாழும் ஆசையைத் தெரிவிக்கின்றார். அவ்வாறே நிகழ்ந்திருப்பின் அவர் பெயரை இன்று நாம் கேட்டிரோம். 1612-இல் கிளிஷி என்னும் ஊரின் பங்குக்குருவானார். எளிய மக்களிடையே வாழ்வதன் இன்பத்தை அங்கேதான் முதன்முதலாக அறிந்தார். மறுஆண்டே கோந்தி என்னும் பெருங்குடும்பத்துப் பிள்ளைகட்கு ஆசிரியராக அமர்ந்தார்.

அவர் வாழ்வைத் திருப்பிய ஆண்டு 1617. அவ்வாண்டு அவர் ஷாத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குக்குருவாய் இருந்தார். ஒரு ஞாயிறன்று பூசைக்கு ஆயத்தமாகும்போது ஒருவர் வந்து செய்தி சொன்னார். ஊர்ப்புறத்தே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடக்கின்றனர். தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. அடிகளார் பிரசங்கத்தில் அதனை உருக்கமாக எடுத்துரைத்தார். மாலையில் தாமும் அங்குச் செல்லப் புறப்பட்டபோது, வழி நெடுகப் பெண்கள்! உணவு சுமந்து போவோரும், கொடுத்துவிட்டு மீள்வோரும், வெயிலின் கொடுமையால் மரநிழலில் இளைப்பாறுவோருமாய்த் திருவிழாப் போல் இருந்தது.

மற்றொருவராயின் மக்கள் இரக்கத்தைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பார். அடிகளார் கண்டது வேறு. இன்று அவ்வீட்டில் குவியும் உணவில் பெரும்பகுதி கெட்டுப்போகும். நாளையோ பழைய பட்டினியே. அன்புக்குக் குறைவில்லை, முறைதான் இல்லை. சில நாட்களுக்குள் அவ்வூர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி, நாளுக்கு ஒருவராக நோயாளிகளைப் பேணும் சங்கம் ஒன்றை அமைத்து, அதற்கு விதிகளும் எழுதினார்.

அவ்விதிகள் படிக்கத்தக்கவை. முறைக்குரியவள் தன் கையாலேயே சமைத்துக் கொண்டுபோக வேண்டும். நோயாளியை இன்முகத்தோடு வாழ்த்தி, படுக்கையின்மேல் தட்டு வைத்து, துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் எடுத்து வைத்து, நோயாளியின் கைகளைக் கழுவி, இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தந்து, பரிவோடு ஊட்ட வேண்டும். வீட்டில் துணையுள்ளவரிடம் முதலில் செல்ல வேண்டும். எவருமற்ற தனியரிடம் இறுதியில் செல்ல வேண்டும். ஏனெனில், அவரிடம் கூடுதல் நேரம் இருந்து வரலாமன்றோ! வரவு செலவுக்குக் கணக்கும், கணக்குக்குப் பொறுப்பாளியும் உண்டு. ஆர்வம் ஒருநாள் பொங்கி மறுநாள் அடங்குவதைச் சங்கப் பணிகளில் கண்டு சலித்தோர்க்கு, அடிகளாரின் பெருமை இவ்விதிகளிலேயே விளங்கும்.

அதன்பின் பணிகள் பெருகின. 1619-இல் அரசரின் போர்க்கப்பல்களில் சங்கிலியால் பிணிக்கப்பட்டுத் தண்டு வலித்த கைதிகளுக்கு ஆன்ம குருவானார். 1625-இல் நாட்டுப்புற ஏழைகளிடையே உழைக்கும் குருக்கள் சபையை நிறுவினார். 1632 முதல் பாரிசில் உள்ள புனித லாசர் மடம் அச்சபையின் தலைமையிடமாயிற்று.

பாரிசில் ஓர் இடர் தோன்றிற்று. தொண்டுச் சங்கத்தில் சேர்ந்த சீமாட்டிகள், தாம் செல்ல வேண்டிய குடிசைகளுக்குத் தம் வேலைக்காரிகளை அனுப்பலாயினர். அவ்விடரைத் தீர்த்தவள் சுரேன் என்னும் ஊரிலிருந்து வந்த மர்கரீத் நசோ என்னும் மாடு மேய்க்கும் பெண். அவள் அரிச்சுவடி ஒன்றை வாங்கி, வழிப்போக்கரிடம் எழுத்துக் கேட்டுத் தானே படித்தவள். பிறகு ஊர் ஊராய்ச் சென்று சிறுமியர்க்குக் கற்பித்தவள். ஏழை நோயாளிகளுக்கு உழைப்பேன் என்று அடிகளாரிடம் வந்தாள். 1633-இல், கொள்ளைநோய் கண்ட ஒருத்திக்குத் தன் படுக்கையில் இடம் தந்து, அந்நோயாலேயே மாண்டாள். அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள், லூயிஸ் தே மரியாக் என்னும் கைம்பெண் அவளைப் போன்ற நாட்டுப்புறப் பெண்கள் சிலரைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டார். அதுவே அன்புப் புதல்வியர் சபையின் தொடக்கம். துறவுபூண்ட பெண்கள் மதிலுக்குள்ளேயே அடைபட்டிருந்த காலம் அது. அடிகளாரோ இவர்களைத் தெருவில் நடக்கவிட்டார்.

1638 முதல் இவர்கள் கையில் பாரிசில் எறியப்பட்ட பச்சிளங் குழந்தைகள் வளர்ந்தன. போரால் பாழான லொரேன் நாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தபோது, மத்தேயு என்னும் சகோதரர் கந்தலான பையில் பொன்னை மறைத்துக்கொண்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட முறை படைவீரர் நடுவே சென்று மீண்டார், ஒருமுறையும் பறிகொடுத்தாரில்லை!

அரண்மனையும் அவரை நாடிற்று. 1643-இல் பதின்மூன்றாம் லூயி மன்னர் உயிர் நீத்தபோது அருகில் இருந்தார். ஆனால் அங்கு அவர் எப்போதும் வென்றாரில்லை. 1649-இல் உள்நாட்டுக் கலகத்தில் பாரிசு பசியால் வாடிற்று. அறுபத்தேழு வயது முதியவர் வெள்ளம் பெருகிய சேன் ஆற்றைக் குதிரைமேல் கடந்து அரசியாரிடம் சென்றார். அமைச்சர் மசரேனை விலக்குமாறு வேண்டினார். வேண்டுகோள் பலிக்கவில்லை. 1656-இல் நகரத்துப் பிச்சைக்காரரைப் பிடித்துப் பெரிய விடுதிகளில் அடைக்க அரசு ஆணையிட்டது. அங்கே பணிபுரியத் தம் குருக்களை அனுப்ப அடிகளார் இசைந்திலர். 1653-இலேயே அவர் முதிய கைவினைஞர் நாற்பதின்மர்க்கு ஓர் இல்லம் அமைத்திருந்தார். ஆண்கள் இருபதின்மர், பெண்கள் இருபதின்மர். விரும்பி வந்தோர்க்கு மட்டுமே இடம். தறியும் கருவியும் தந்து இயன்ற வேலை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அரசினர் உணராமற் போனது வருந்தத்தக்கதே.

புனித லாசர் மடத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாது விடுதல் தகாது. ஒருநாள் அவருடைய அண்ணன் தம்பியருள் ஒருவரின் மகன், உழவர் உடையில் வாயிலில் வந்து நின்றான். செய்தி கேட்ட அடிகளார்க்குப் பழைய நாணம் மீண்டும் தலைதூக்கிற்று. எவரும் காணாமல் அவனை அறைக்கு அழைத்து வரச் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் உள்ளம் சுட்டது. தாமே படியிறங்கித் தெருவாயில் வரை சென்று அவனைத் தழுவி, கைபிடித்து அழைத்து வந்து, அங்கிருந்தோர் அனைவர்க்கும் தம் குடும்பத்தில் சிறந்தவன் என்று அறிமுகம் செய்தார்.

1660 மார்ச்சுத் திங்களில் லூயிஸ் அம்மையார் காலமானார். கால்களில் புண் கண்டு நடக்கவியலாதிருந்த அடிகளாரால் அவரை இறுதியாகக் காணவும் இயலவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் விடியுமுன், நாற்காலியில் அமர்ந்தவாறே அடிகளார் உயிர் நீத்தார். 1737-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1833-இல் பாரிசு மாணாக்கர் சிலர், இருபது வயது ஓசனாம் என்னும் இளைஞரோடு சேர்ந்து, ஏழைகளை வீடு தேடிச் சென்று காணும் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அடிகளார் பெயரை அதற்குச் சூட்டினர். நம் தமிழ்நாட்டுப் பங்குகளிலும் அச்சபை வேரூன்றியது. அதன் உறுப்பினர் அரிசிப் பையோடு ஏழையர் வீட்டுக்குச் சென்று, திண்ணையில் அமர்ந்து நலம் கேட்டு வருதலை நம்முள் சிலர் ஊரில் கண்டிருப்போம்.